வயிற்றில் பிள்ளை, வீட்டுக்குள் டிபி: அந்த ஆறு மாத மாத்திரை பற்றி

எச்.ஐ.வி.யோடு இருக்கும் கர்ப்பிணிகள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான்: "அக்கா, டிபி வராம இருக்க ஒரு மாத்திரை குடுக்கறாங்களே, வயித்துல குழந்தை இருக்கும்போது அதைப் போடலாமா?" போடலாம், போடக் கூடாது என்று ஒரே வார்த்தையில் நான் பதில் சொல்வதில்லை. கர்ப்பத்தில் அந்த மாத்திரையைச் சாப்பிட்டவள் நான். அதே சமயத்தில், அதே மருத்துவர், ஏற்காட்டிலிருந்து வரும் என் தோழிக்கு இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இரண்டும் சரியான முடிவுகள் என்றே இன்றும் நினைக்கிறேன். அது எப்படி என்று விளக்கத்தான் இதை எழுதுகிறேன்.

என் நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் கர்ப்பத்தின்போது, எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் தொற்று தெரியவந்தது. அப்போதிருந்து நானும் கணவரும் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து சாப்பிடுகிறோம். மூத்த மகளுக்குத் தொற்று இல்லை. இடையில் சில வருடம் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, அப்புறம் கொரோனா, மறுபடியும் சேலம். இந்த அலைச்சலில் டிபி தடுப்பு மாத்திரை எனக்குத் தள்ளிக்கொண்டே போனது. கணவருக்குச் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை. மாமியார், கொழுந்தனார், நாங்கள் எல்லோரும் இரண்டு அறை வீட்டில். எனக்கு நான்காம் மாதம் முடியும் சமயத்தில் கொழுந்தனாருக்கு இருமல் பிடித்து விடவே இல்லை. பட்டறைப் புகை ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் பேசிக்கொண்டோம். சளிப் பரிசோதனையில் நுரையீரல் டிபி என்று வந்தது.

டிபி கிருமி உடலுக்குள் போன எல்லோருக்கும் நோய் வருவதில்லை. எச்.ஐ.வி. இல்லாதவர்களில் வாழ்நாள் முழுக்க நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் அது நோயாக மாறும். எச்.ஐ.வி. இருப்பவர்களுக்கு இந்த ஆபத்து பல மடங்கு. கூட்டு மருந்து அதை நிறையக் குறைக்கிறது, ஆனால் முழுசாகப் போக்குவதில்லை. கர்ப்பமும் பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களும் உடலின் எதிர்ப்பு சக்தி மாறிக்கொண்டிருக்கும் காலம். அப்போது நோயாக வெளிப்பட்டால் தாய்க்கு ஆபத்து, பிள்ளை குறைமாதத்தில் பிறக்கலாம், எடை குறையலாம். புனேயில் எச்.ஐ.வி. உள்ள தாய்மார்களிடம் செய்த ஆய்வு ஒன்றில், டிபி வந்த தாய்மார்களின் குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. தொற்றுவதும் கூடுதலாக இருந்தது. மாத்திரை பற்றிய பயத்தைப் பேசும்போது இந்தப் பயத்தையும் கூடவே வைத்துத்தான் பேச வேண்டும். பல பேர் ஒன்றை மட்டும் பேசுகிறார்கள்.

எனக்குச் சொன்ன மாத்திரை ஐசோநியாசிட், தினம் 300 மில்லிகிராம், ஆறு மாதம். கூடவே பி6 வைட்டமின், அதாவது பைரிடாக்சின். ஐசோநியாசிட் உடலில் பி6-ஐக் குறைத்துவிடும். அதனால் கை கால் மதமதப்பு, பாத எரிச்சல் வரலாம். கர்ப்பிணிக்கு பி6 ஏற்கெனவே கூடுதலாகத் தேவை. ஆகவே அந்தச் சின்ன மாத்திரையைச் சும்மா சத்து மாத்திரை என்று ஒதுக்கிவிடக் கூடாது.

சரி, மாத்திரையை உடனே கையில் கொடுத்துவிடவில்லை. அதற்கு முன் இரண்டு விஷயம் பார்த்தார்கள், இரண்டும் முக்கியம்.

முதலாவது, எனக்கு ஏற்கெனவே டிபி நோய் வந்துவிட்டதா என்பது. இருமல், காய்ச்சல், எடை குறைவது, ராத்திரி வியர்வை என்று நான்கைக் கேட்பார்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு ஒரே நாள் இருமலும் கணக்கில் வரும். இரண்டு வாரம் ஆகட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கர்ப்பத்தில் இந்த நான்கில் எடை விஷயம் கண்ணில் படாமல் போகும். வயிறு வளர வளர எடை ஏறத்தானே செய்யும்? எடை குறைந்ததா என்று மட்டும் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வோம். ஏற வேண்டிய அளவுக்கு ஏறியதா என்று கேட்க வேண்டும். என் தாய் சேய் நல அட்டையில் கிராம சுகாதார செவிலியர் எழுதியிருந்த எடைகளை டாக்டரம்மா வரிசையாகப் பார்த்தார். வயிற்றுக்குக் கவசம் போட்டு மார்பு எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். நோய் வந்துவிட்ட ஒருவருக்கு இந்த ஒற்றை மருந்தை மட்டும் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும், பிறகு முழுச் சிகிச்சையே சிக்கலாகும். அதற்காகத்தான் இவ்வளவு சோதனை.

இரண்டாவது, கொழுந்தனாரின் சளியில் இருந்த கிருமி ஐசோநியாசிட்டுக்குக் கட்டுப்படுகிற கிருமியா என்பது. முதலில் வரும் சளிப் பரிசோதனை முடிவு பெரும்பாலும் ரிஃபாம்பிசின் என்ற வேறு மருந்தைப் பற்றித்தான் சொல்லும். ஐசோநியாசிட் எதிர்ப்பு இருக்கிறதா என்பதற்கு இன்னொரு பரிசோதனை உண்டு. அந்த முடிவு வரும்வரை டாக்டரம்மா பொறுத்திருந்தார். வீட்டில் ஒருவருக்கு டிபி என்று சொல்லித் தடுப்பு மாத்திரை கொடுத்தால், அவருடைய அந்த முடிவு என்ன என்று தைரியமாகக் கேளுங்கள். கேட்காமல் இதைத் தானாகச் சொல்பவர்கள் குறைவு.

இந்த இடைவெளியில் ஸ்கேனுக்காக ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். அங்கே என் மருந்துச் சீட்டைப் பார்த்த ஒருவர், "டிபி மாத்திரையா? கர்ப்பத்துலயா? குழந்தைக்கு ஆகாது, போடாதீங்க" என்றார். காரணம் சொல்லவில்லை, என் வீட்டில் யாருக்காவது டிபி இருக்கிறதா என்றும் கேட்கவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனாலும் அந்தப் பேச்சை அப்படியே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் டாக்டரம்மாவிடம் கேட்டேன்: "இப்படிச் சொல்றாங்களே மேடம், இது பொய்யா?"

அவர் பொய் என்று சொல்லவில்லை. அதற்காகவே அவர்மீது எனக்கு இன்றுவரை மரியாதை. "அவங்க பயப்படறதுக்கு ஒரு காரணம் இருக்கு. அதை முழுசா சொல்றேன், கேட்டுட்டு நீங்க முடிவெடுங்க" என்றார்.

அவர் சொன்னதும், பிறகு நானே தேடிப் படித்ததும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். 2019 அக்டோபரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. இந்தியா, தாய்லாந்து, ஹைத்தி, தென்னாப்பிரிக்கா உள்பட எட்டு நாடுகளில், எச்.ஐ.வி. உள்ள 956 கர்ப்பிணிகள். யாருக்கு எப்போது மாத்திரை என்று சீட்டுக் குலுக்குவதுபோல் பிரித்து, பாதிப் பேருக்குக் கர்ப்பத்திலேயே ஐசோநியாசிட் தொடங்கினார்கள். மீதிப் பேருக்குப் பிரசவமாகி 12 வாரம் கழித்துத் தொடங்கினார்கள். தாய்க்கு ஏற்பட்ட கடுமையான பாதிப்புகள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான், நூற்றுக்குப் பதினைந்து. டிபி வந்தவர்கள் இரண்டு பக்கமும் மூன்று மூன்று பேர். ஆனால் கருக்கலைவு, குழந்தை இறந்து பிறப்பது, குறைமாதப் பிரசவம், எடை குறைவு, பிறவிக் குறை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது, கர்ப்பத்தில் சாப்பிட்டவர்களிடம் நூற்றுக்குச் சுமார் 24, தள்ளிப்போட்டவர்களிடம் 17.

இந்த எண்ணைக் கேட்டபோது வயிறு கலங்கியது. நூற்றுக்கு ஏழு என்பது சின்ன வித்தியாசம் இல்லை. அதை மறைத்து "ஒண்ணும் ஆகாதும்மா, போடு" என்று சொல்வது ஒரு தாய்க்குச் செய்யும் அநியாயம். அதே நேரத்தில் அந்த எண்ணை மட்டும் சொல்லிப் பயமுறுத்துவதும் அநியாயம்தான். ஏனென்றால் அதற்கு முன்னும் பின்னும் வந்த வேறு ஆய்வுகளில், கர்ப்பத்தில் ஐசோநியாசிட் சாப்பிட்ட எச்.ஐ.வி. உள்ள தாய்மார்களிடம் இந்தத் தீங்கு தென்படவில்லை. சிலவற்றில் அவர்களின் பிரசவம் மற்றவர்களைவிட நன்றாகவே இருந்தது. ஆனால் அவை சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வுகள் அல்ல, மாத்திரை சாப்பிட்டவர்கள் மற்ற விதத்திலும் கவனிப்பு பெற்றவர்களாக இருந்திருக்கலாம். எதிலும் முழுத் தெளிவு கிடையாது. எல்லாவற்றையும் பார்த்துத்தான் உலக சுகாதார நிறுவனம் 2020 வழிகாட்டுதலில், கர்ப்பம் என்ற ஒரே காரணத்துக்காக எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்குத் தடுப்பு மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டாம் என்று சொன்னது. அமெரிக்க வழிகாட்டுதல் கொஞ்சம் வேறு மாதிரி: கூட்டு மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறவர், வீட்டில் தொற்றக்கூடிய டிபி நோயாளி யாரும் இல்லை என்றால், பிரசவம் வரை தள்ளிப்போடலாம் என்கிறது.

இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. வீட்டில் டிபி இருக்கிறதா இல்லையா என்பதுதான் இங்கே தீர்மானிக்கிறது. எங்கள் வீட்டில் இருந்தது, அதுவும் இரண்டு அறைக்குள். கொழுந்தனாருக்குச் சிகிச்சை தொடங்கி அவர் தனியாகப் படுத்துக்கொண்டாலும், அதற்கு முன்பு பல வாரம் ஒரே காற்றைத்தான் எல்லோரும் சுவாசித்திருக்கிறோம். நான் போட்டுக்கொள்வதென்று முடிவு செய்தேன். கணவரிடமும் மாமியாரிடமும் அந்த ஏழு வித்தியாசத்தையும் சேர்த்தே சொன்னேன். மாமியார் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீ நல்லா இருந்தாத்தான் கண்ணு புள்ள நல்லா இருக்கும்" என்றார்.

என் தோழியின் கதை வேறு. ஏற்காட்டில் காபி எஸ்டேட் வேலை, லயன் வீடு. மாத்திரை வாங்க மலையிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருவாள். பழம் பறிக்கும் பருவத்தில் ஒரு நாள் கூலி போனால் அந்த வாரமே தள்ளாடும். அவளும் அப்போது கர்ப்பம், எனக்கு ஒரு மாதம் பின்னால். அவள் வீட்டில் யாருக்கும் டிபி இல்லை. ஆனால் முன்பு ஒரு முறை மஞ்சள்காமாலை வந்து, கீழாநெல்லியும் பச்சிலை மருந்தும் சாப்பிட்டுச் சரியானதாக நினைத்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா துருவிக் கேட்கவும் அதைச் சொன்னாள். கல்லீரல் பரிசோதனையில் அளவுகள் ஏறியிருந்தன. ஐசோநியாசிட்டின் பெரிய ஆபத்தே கல்லீரல் அழற்சிதான். அதனால் அவளுக்கு இப்போது வேண்டாம், ஒவ்வொரு முறை வரும்போதும் அந்த நான்கு அறிகுறியைக் கேட்போம், பிரசவத்துக்குப் பின் கல்லீரல் அளவு சரியானதும் தொடங்கலாம் என்று முடிவானது. "உனக்கு மட்டும் குடுக்கறாங்க, எனக்கு ஏன்க்கா குடுக்கல?" என்று முதலில் அவளுக்கு வருத்தம். மாத்திரை கொடுக்காமல் கவனிப்பதும் வைத்தியம்தான் என்று அவளுக்குப் புரியவைக்க எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

இனி, சாப்பிடும் காலத்தில் நான் கற்றவை. இதில் நேரம் பிரிப்பதுதான் தினசரித் தொல்லை. கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை கட்டாயம் இருக்கும். இப்போது பெரும்பாலோர் சாப்பிடும் கூட்டு மருந்தில் டொலுடெகிராவிர் இருக்கிறது. வெறும் வயிற்றில் இரும்பு, கால்சியத்தோடு சேர்த்துப் போட்டால் அந்த மருந்து உடலில் சரியாகச் சேராது. அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ போட வேண்டும். அல்லது சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் பாதகமில்லை. நான் ஆலோசகரிடம் உட்கார்ந்து நேரம் போட்டுக்கொண்டேன். விடிந்ததும் வெறும் வயிற்றில் ஐசோநியாசிட்டும் பி6-உம், டிபனுக்கு அப்புறம் கால்சியம், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் இரும்பு, ராத்திரி ஒன்பது மணிக்குக் கூட்டு மருந்து. நெஞ்செரிச்சலுக்கு மருந்துக்கடையில் வாங்கும் ஜெலுசில் மாதிரி மருந்துகளும் இந்தக் கணக்கில் சேரும். அவை இரண்டு மருந்துக்குமே இடைஞ்சல். வாரம் ஒரு முறை சாப்பிடும் பன்னிரண்டு வார மாத்திரை ஒன்று இருப்பதாக யாராவது சொன்னால், அது ரிஃபாபென்டைன் சேர்ந்தது. எனக்கு அந்தச் சமயத்தில் அதைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதில்லை என்று தெளிவாகச் சொன்னார்கள். வீட்டில் வேறு ஒருவருக்குக் கொடுத்ததை எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது வாந்தி. கல்லீரல் பாதிப்பின் முதல் அறிகுறியும் மசக்கையும் ஒன்றுபோலவே இருக்கும்: பசியில்லை, குமட்டல், அசதி. மசக்கை நான்கு, ஐந்து மாதத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்கிய பிறகு மறுபடி தொடங்கினாலோ, சிறுநீர் கடுங்காபி நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளித்தாலோ, வலது விலாவுக்குக் கீழே வலித்தாலோ, உடம்பு முழுக்க அரிப்பு எடுத்தாலோ அன்றைய ஐசோநியாசிட்டைப் போடாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அடுத்த தேதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கூட்டு மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பிரசவத்துக்குப் பின் வரும் மாதங்களைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். நான் சொன்ன அந்த ஆய்வில் ஆறு தாய்மார்கள் இறந்தார்கள், ஆறு பேரும் பிரசவத்துக்குப் பிறகு. அதில் நான்கு பேர் கல்லீரல் செயலிழந்து. அந்த நால்வரில் இருவர்தான் ஐசோநியாசிட் சாப்பிட்டிருந்தார்கள், ஆக எல்லாப் பழியும் மாத்திரைமேல் இல்லை. ஆனால் கல்லீரலைக் கவனிக்க வேண்டிய காலம் எது என்று அது காட்டிவிட்டது. நம் ஊரில் நடப்பதென்ன? பிரசவம் ஆனதும் எல்லோர் கவனமும் குழந்தைமேல் போய்விடும். தாய்க்குப் பத்தியச் சாப்பாடு, பிரசவ லேகியம், யாரோ கொடுத்த சூரணம், உடம்புவலிக்குக் கணக்கில்லாமல் பாரசிட்டமால். இவற்றில் சில கல்லீரலுக்குச் சுமை. லேகியம் கொடுக்கும் பெரியவர்கள் பாசத்தில்தான் கொடுக்கிறார்கள். சண்டை போட வேண்டியதில்லை. டப்பாவை எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள். நான் அப்படித்தான் செய்தேன், ஒன்றை ஒதுக்கச் சொன்னார், பூண்டு தாராளமாகச் சாப்பிடச் சொன்னார். மது பழக்கம் இருந்தால் அதையும் வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும். இந்த மாத்திரையோடு அது சேரவே கூடாது.

வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போகும்போது மாத்திரை அறுந்துபோவது எங்கள் பக்கம் அடிக்கடி நடக்கிறது. அம்மா வீட்டில் விஷயம் தெரியாது, டப்பாவை எங்கே வைப்பது என்ற பயம். கிளம்புவதற்கு முன்பே ஆலோசகரிடம் சொன்னால் தேவையான மாத்திரையைச் சேர்த்துக் கொடுப்பார்கள், அல்லது பக்கத்து மையத்துக்கு மாற்றிக் கொடுப்பார்கள். டிபி ஊழியர்கள் வீடு தேடி வரும்போதும் இந்தப் பயம் வரும். கொழுந்தனாருக்கு என் தொற்று பற்றித் தெரியாது. அவருக்காக வந்தவர்கள் வீட்டில் எல்லோரையும் விசாரித்தபோது, "நான் கர்ப்பமாக இருக்கிறேன், பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். அதுவே போதுமானது. 2017இல் வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, பொதுவாக நம் அனுமதி இல்லாமல் நம் தொற்றைப் பற்றி வெளியே சொல்லக் கூடாது.

என் மகன் சேலத்திலேயே பிறந்தான். நாள் கிட்டத்தட்ட நிறைந்துதான் பிறந்தான், எடை இரண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஆய்வில் படித்த அந்த எண் உடனே நினைவுக்கு வந்தது, நான் மாத்திரை சாப்பிட்டதாலா என்று. டாக்டரம்மாவிடம் கேட்டேன். "ஒரு குழந்தையை வெச்சு யாராலயும் சொல்ல முடியாதும்மா. உங்க ரத்தசோகையும் இருக்கு, நீங்க நின்னு வேலை செஞ்சதும் இருக்கு" என்றார். அந்தப் பதிலோடுதான் நான் இருக்கிறேன். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே மீதி மாத்திரையை முடித்தேன். ஐசோநியாசிட் பாலில் போகும் அளவு மிகக் குறைவு, பால் கொடுக்கத் தடையில்லை. மகனுக்கு நெவிரபின் சொட்டு கொடுத்தோம், ஆறாவது வாரத்திலும் அதற்குப் பிறகும் எடுத்த பரிசோதனைகளில் தொற்று இல்லை என்று வந்தது. எடையும் ஏறிவிட்டான். தோழிக்கு மகள். கல்லீரல் அளவு இறங்கிய பிறகு அவளும் மாத்திரை தொடங்கி முடித்தாள்.

எனக்கு ஒரு கோபம் உண்டு. ஐசோநியாசிட் 1952இலிருந்து புழக்கத்தில் இருக்கும் மருந்து. எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிக்கு அதைத் தடுப்பு மருந்தாகக் கொடுக்கலாமா என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்துப் பார்த்த அந்தப் பெரிய ஆய்வு 2019இல்தான் வெளிவந்தது. அதிலும் பெரும்பாலான பெண்கள் எஃபாவிரென்ஸ் என்ற பழைய கூட்டு மருந்தில் இருந்தவர்கள். பாதுகாப்பு என்று சொல்லி ஆய்வுகளிலிருந்து கர்ப்பிணிகளை விலக்கி வைக்கிறார்கள், ஆனால் அதே மருந்தை வாழ்க்கையில் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். தகுந்த பாதுகாப்போடு எங்களைச் சேர்த்து ஆராய வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை.

இப்போது என்னிடம் கேட்கும் பெண்களிடம் நான் திருப்பிக் கேட்பவை இவை. வீட்டிலோ வேலை செய்யும் இடத்திலோ யாருக்காவது டிபி இருக்கிறதா? மஞ்சள்காமாலை எப்போதாவது வந்ததா, ஹெபடைடிஸ் பி பரிசோதனை எடுத்தாயிற்றா? கை காலில் மதமதப்பு ஏற்கெனவே உண்டா? வேறு என்ன மருந்து, நாட்டு மருந்து, லேகியம்? எடை அட்டையில் கடைசி மூன்று மாதம் எப்படி? இந்தப் பதில்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போனால் பேச்சு வேறு மாதிரி நடக்கும். மையத்துக்கு நேரில் போய்க் கேட்கத் தயக்கம் என்றால் 1097 என்ற இலவச எண்ணில் பெயர் சொல்லாமலே கேட்கலாம். மாத்திரை தொடங்கினால், தொடங்கும் முன் ஒரு கல்லீரல் பரிசோதனையும், பிரசவத்துக்குப் பின் அடுத்தது எப்போது என்ற தேதியும் கேட்டு வாங்குங்கள். அந்தத் தேதியைக் குழந்தையின் தடுப்பூசி அட்டையிலேயே எழுதி வையுங்கள். அந்த அட்டையை வீட்டில் யாரும் தொலைக்க மாட்டார்கள்.